முடக்குவாதம்: வலி கிளம்பினால் என்ன செய்வது, எந்த மருந்து கேட்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு முடக்குவாதம் வந்து பல வருஷம் ஆகிறது. டாக்டர்கள் ஆர்.ஏ. என்று சுருக்கிச் சொல்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்தான் இது. புதிதாக இந்த நோய் என்று தெரிந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் வலி குறைவது வேறு, நோய் அடங்குவது வேறு. கீழே வருகிற பதில்களில் பாதிக்கு மேல் இதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

மூட்டு வலி யாருக்குத்தான் இல்லை? இது முடக்குவாதம்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வயதாகும்போது வருகிற மூட்டுத் தேய்மானம் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. ராத்திரி முழுக்க ஓய்வெடுத்துவிட்டு எழுந்தால்தான் அதிகம் பிடித்துக்கொள்ளும். கை மடங்காது, பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட அரை மணி, ஒரு மணி என்று ஆகும், வெயில் ஏற ஏறத்தான் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், விரலின் நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பக்கம் ஆகியவை வீங்கும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டை இது பொதுவாகத் தொடுவதில்லை, அங்கே முடிச்சு முடிச்சாக இருந்தால் தேய்மானமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். யாராவது கையைக் கொஞ்சம் அழுத்திக் குலுக்கினாலே உயிர் போகிறதா, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, மூட்டின் உள்பக்கச் சவ்வு தடித்து வீங்கி, கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, முப்பதுகளிலேயே ஆரம்பிப்பதும் சகஜம். ஆகவே "இந்த வயசுல என்ன மூட்டு வலி" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிக்குன்குனியா வந்துபோன பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் இதே மாதிரி கை வீங்கி வலிக்கும். காய்ச்சல் எப்போது வந்தது, வலி எப்போது ஆரம்பித்தது என்று தேதியோடு சொன்னால் டாக்டருக்குப் பிரித்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். அப்படியானால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. அது நெகட்டிவாக இருந்தும் நோய் உள்ளவர்கள் நிறையப் பேர். பாசிட்டிவாக இருந்தும் நோயே இல்லாதவர்களும் உண்டு. ஆன்ட்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிடத் துல்லியமானது, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று காட்டும். எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் ஒரு நல்ல டாக்டர் முடிவுக்கு வருவார்.

எலும்பு டாக்டரிடம் போனால் போதாதா?

ருமட்டாலஜிஸ்டிடம் போங்கள். எலும்பு டாக்டர் உடைந்ததைச் சேர்ப்பார், தேய்ந்த மூட்டை மாற்றுவார், அவர் தேவைப்படும் நாளும் வரலாம். ஆனால் இது எதிர்ப்புச் சக்தியில் கிளம்பும் நோய், அதற்கென்றே படித்தவர் வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. உங்கள் ஊரில் ருமட்டாலஜிஸ்ட் இல்லை என்றால் வெளியூர் நிபுணரை ஒருமுறை பார்த்து மருந்து முடிவு செய்துகொண்டு, ரத்தப் பரிசோதனையை உள்ளூர் டாக்டரிடம் தொடரலாம், பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். எதுவானாலும் தாமதிக்காதீர்கள். ஆரம்பித்த முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களுக்கு மூட்டு கோணாமல் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

ஃபிளேர், ஃபிளேர் என்கிறார்களே, அது என்ன? நன்றாக இருந்த ஆளுக்கு ஏன் திடீரென்று வருகிறது?

அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வலி, வீக்கம், காலை நேரப் பிடிப்பு மூன்றும் சேர்ந்து ஏறும், கூடவே உடம்பை அடித்துப்போட்ட மாதிரி ஒரு சோர்வு, அது வெளியே யாருக்கும் தெரியாது. சில நாளில் போய்விடுவதும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு.

காரணம் என்று பார்த்தால் முதலில் மருந்து விட்டுப்போவது. ஊருக்குப் போனோம், மாத்திரை தீர்ந்தது, அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தோம், இப்படி. அடுத்து சளி, காய்ச்சல், பல் ஈறு, சிறுநீர்த் தொற்று. வீட்டில் கல்யாணம், துக்கம் என்று தூக்கமில்லாமல் ஓடிய நாட்கள். பிரசவத்துக்குப் பிந்திய மாதங்கள். சில நேரம் எந்தக் காரணமும் இல்லாமலேயே வரும், அப்போது "நான் எதைச் சாப்பிட்டேன், என்ன தப்பு செய்தேன்" என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள். அடிக்கடி காரணமில்லாமல் வருகிறது என்றால் இப்போதைய மருந்து போதவில்லை என்றுதான் பொருள், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஃபிளேர் வந்த அன்றைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

முந்தின நாள் ராத்திரியே கொஞ்சம் தெரிந்துவிடும், அப்போதே மறுநாள் வேலையைக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் பொறுக்கிற சூட்டில் வெந்நீரை ஒரு பக்கெட்டிலோ அகலப் பாத்திரத்திலோ ஊற்றி, மணிக்கட்டு மூழ்கக் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், பத்து நிமிஷம் போதும். பிடிப்புக்கு வெந்நீர். மூட்டு சிவந்து தொட்டாலே சுடுகிறது என்றால் வெந்நீர் வேண்டாம், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். அந்த நேரத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். அன்போடுதான் தேய்த்துவிடுவார்கள், ஆனாலும் வீங்கின மூட்டு அதைத் தாங்காது.

ஒரேயடியாகப் படுத்துவிடவும் கூடாது. வலிக்கிற மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள், ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று தடவையாவது எவ்வளவு போகிறதோ அவ்வளவு மட்டும் மடக்கி நீட்டுங்கள், இல்லையென்றால் மூட்டு அப்படியே இறுகிவிடும். மணிக்கட்டை அசையாமல் தாங்குகிற ஸ்பிளிண்ட் என்ற பட்டை வாங்கி வைத்திருந்தால் ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள், அப்போது சுகமாக இருக்கும், அப்புறம் கால் முழுசாக நீட்ட வராது.

துணி பிழிவது, குக்கர் மூடியைத் திருகுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, இந்த நாலும் விரல் முட்டிகளுக்கு ஆகவே ஆகாது, அன்றைக்கு வேறு யாராவது செய்யட்டும். டீ டம்ளரை விரல் நுனியில் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துங்கள். பையை விரலில் மாட்டாமல் முழங்கையில் மாட்டுங்கள். கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தடிமனாக்கினால் பிடி சுலபம், காசும் செலவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதைத் தவிர்த்து, கழிப்பறையில் மேற்கத்திய பீங்கானோ, அதற்கு வழியில்லை என்றால் பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி விற்கிற சாதனமோ வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலி மாத்திரை? டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பதை மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. டைக்ளோஃபினாக்கும் அசிக்ளோஃபினாக்கும் ஒரே வகை, ஒன்றோடு ஒன்று சேர்த்து விழுங்கினால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். இன்னொரு யோசனை: நோய் அடங்கியிருக்கும்போதே டாக்டரிடம் "ஃபிளேர் வந்தால் நான் என்ன எடுக்கணும், எத்தனை நாள் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடணும்" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். கை வலியில் துடிக்கும்போது யோசிக்க முடியாது.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மற்ற மூட்டெல்லாம் சும்மா இருக்க ஒரே ஒரு மூட்டு மட்டும் பயங்கரமாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அது சாதாரண ஃபிளேர் இல்லாமல் மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்குக் குளிர் காய்ச்சல், மூச்சு வாங்குதல், புதிதாக விடாத வறட்டு இருமல், கண் சிவந்து உள்ளே குடைகிற வலி, கழுத்து வலியோடு கை கால் மரத்துப்போவது, வாயெல்லாம் புண், இவற்றில் எது வந்தாலும் அப்படித்தான்.

ஸ்டீராய்டு போட்டதும் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. அதையே தொடர்ந்தால் என்ன?

இந்த ஆசை எல்லோருக்கும் வரும். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் முடக்குவாதத்தால் முடங்கிக்கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டபோது சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார், 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. உலகமே நோய் ஒழிந்தது என்று நினைத்தது. கொஞ்ச காலத்திலேயே பக்க விளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன: முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, கண்புரை, தொற்றுகள்.

சரி, அப்படியென்றால் ஸ்டீராய்டே கூடாதா? கூடும். மெதுவாகக் கேட்கிற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு பாலமாக, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு டாக்டர் கொடுப்பார். ஒரே மூட்டு மட்டும் அடங்காமல் இருந்தால் அந்த மூட்டுக்குள்ளேயே ஊசி போடுவதும் உண்டு. ஆபத்து எங்கே என்றால், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வைசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவதில். அதே அளவு ஆபத்து, பல வாரம் சாப்பிட்டதைப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதில். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும், ஆளே சரிந்துவிடலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் கேன்சர் மருந்தாமே? எனக்கு எதற்கு?

எல்லோரும் பயப்படுகிற மருந்து, ஆனால் முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் கொடுக்கப்படுவது இதுதான். கேன்சருக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் நமக்குத் தருவது மிகச் சின்ன அளவு, பெரும்பாலும் வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்வரை. அமெரிக்காவில் 1988-ல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. ஒரு செய்தி எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்: இந்த மருந்து பிறந்த லெடர்லே ஆராய்ச்சிக் கூடத்தில் குழுவை நடத்தியவர் 1895-ல் பீமவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இதை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். கூடவே கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சின்னதாக மஞ்சளாக இருக்கும், மெத்தோட்ரெக்சேட்டும் சின்னதாக மஞ்சளாக இருக்கும், ஃபோல்வைட், ஃபோலிட்ராக்ஸ் என்று பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கும். அட்டையைக் கையில் எடுத்து நீங்களே படித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மெத்தோட்ரெக்சேட் தனி டப்பாவில், மேலே "ஞாயிறு மட்டும்" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி இருக்கிறது, காலண்டரிலும் போட்டதும் ஒரு டிக். அம்மா அப்பாவுக்கு நீங்கள் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் என்றால் இந்த ஒரு வேலையை இன்றைக்கே செய்யுங்கள்.

கேட்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். "ரெண்டு வாரம் போட்டேன், கேக்கல" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், அவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கும். போட்ட மறுநாள் குமட்டல், அசதி இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா, அந்த ஒரே நாளுக்குள் அளவைப் பிரிக்கலாமா, ஊசியாக மாற்றலாமா என்று கேளுங்கள், ஊசியில் குமட்டல் குறைந்தவர்கள் உண்டு. ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் மூன்றுக்கும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பரிசோதனை கட்டாயம். மது வேண்டாம். வேறு டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் இதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும், முக்கியமாக செப்ட்ரான் வகை மருந்து இதோடு சேரவே கூடாது.

அதுவும் கேட்கவில்லை என்றால்?

வழி நிறைய இருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து மூன்றாகக் கொடுப்பார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 353 பேரை வைத்துப் பார்த்தபோது, இந்த மூன்று மாத்திரைக் கூட்டு, விலை அதிகமான எட்டனர்செப்ட் ஊசியோடு மெத்தோட்ரெக்சேட் சேர்த்ததற்குக் குறைந்ததாக இல்லை. நம் மாதிரி கைக்காசு போட்டு மருந்து வாங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், அதனால் நேராக ஊசிக்குப் போகச் சொன்னால் "மூன்று மாத்திரை சேர்த்துப் பார்க்கலாமா டாக்டர்" என்று தாராளமாகக் கேட்கலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை வேண்டும். சல்ஃபாசலசினில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகலாம், பயப்பட வேண்டாம். லெஃப்லுனமைட் என்று இன்னொன்றும் உண்டு.

எட்டனர்செப்ட் மாதிரி பயாலஜிக் ஊசி போட்டால் டி.பி. வருமாமே?

உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற டி.பி. கிருமி எழ வாய்ப்பு இருக்கிறது, நம் நாட்டில் அது பலர் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும், தோலில் மான்ட்டூ அல்லது ரத்தத்தில் ஐகிரா பரிசோதனையும் எடுப்பார்கள், இருந்தால் முதலில் அதற்குத் தடுப்பு மருந்து. இந்தப் பரிசோதனை இல்லாமல் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அடலிமுமாப் போன்றவற்றின் இந்தியத் தயாரிப்புகள் 2014-லிருந்து வர ஆரம்பித்த பிறகு விலை இறங்கியிருக்கிறது, ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்குச் சுமைதான். டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரையும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் இதய நோய், ரத்தக் கட்டி, புற்றுநோய் அபாயம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் கடுமையாக எச்சரித்தது. வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் அதைப் பற்றிக் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

சித்தா, ஆயுர்வேதம்? முடக்கத்தான் கீரை போதும் என்கிறார்களே?

முடக்கத்தான் தோசை நானும் சாப்பிடுகிறேன், ருசியாக இருக்கும், வயிற்றுக்கும் நல்லது. அரிக்கப்படும் எலும்பை அது காப்பாற்றும் என்று நம்பி மருந்தை நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கோயம்புத்தூரில் 43 நோயாளிகளை வைத்து ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்த்து என்று ஒப்பிட்ட ஒரு சிறு ஆய்வு 2011-ல் வெளியானது, மூன்று பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். நேர்மையாகச் செய்யப்பட்ட நல்ல முயற்சி, ஆனால் 43 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது, அதைச் செய்தவர்களே முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். அரசு சித்த மருத்துவமனையில் படித்த மருத்துவரிடம் போய், இரண்டு பக்க டாக்டர்களுக்கும் சொல்லி, ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்தால் நான் தடுக்க மாட்டேன். பெயர் எழுதாத பொட்டலப் பொடி, "ஒரே வாரத்தில் குணம்" மாத்திரை, இவை வேறு. அவ்வளவு வேகமாக வலி போகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சீந்தில் கொடி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று விற்கிறார்கள், நம்முடைய நோயே எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் போனதுதான், தவிர அதில் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றியும் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எதைச் சாப்பிடக் கூடாது? தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு வாயு என்கிறார்கள்.

எல்லாரும் விலக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒன்று ஒத்துவரவில்லை என்று தோன்றினால் சில வாரம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் மறுபடி சாப்பிடுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன் நல்லது, விலையும் குறைவு. எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், அது நோயையும் முற்ற வைக்கும், மருந்தையும் கேட்க விடாது.

கல்யாணம், குழந்தை?

தாராளமாக. பலருக்குக் கர்ப்ப காலத்தில் நோய் தானாகவே தணியும், பிரசவத்துக்குப் பிறகு கிளம்பும். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்லுனமைட்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது, குழந்தைக்குத் திட்டமிடும்போதே சில மாதம் முன்னதாக டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் தொடரலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நோயை மறைத்து, அதனால் மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போடுகிற நிலைக்கு மட்டும் ஆளாக்காதீர்கள். மருந்து விட்டுப்போவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது வலியே இல்லை. நிறுத்திவிடலாமா?

வலி இல்லாததற்குக் காரணமே மருந்துதான். நிறுத்தினவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடி கிளம்புகிறது, அப்போது முன்பு கேட்ட அளவு கேட்காமலும் போகலாம். பல மாதம் நோய் முழுசாக அடங்கியிருந்தால் டாக்டரே மெல்லக் குறைத்துப் பார்ப்பார்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நம்புங்கள். காலையில் எழ முடியாதவர் சாயந்திரம் சிரித்துப் பேசினால் காலையில் நடித்தார் என்று ஆகாது, இந்த நோயின் போக்கே அது. காலை அடுப்படியை ஃபிளேர் நாட்களில் வேறொருவர் எடுத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது?

அங்கே கிடைக்கிற நேரம் கொஞ்சம். ஒரு சின்ன நோட்டில் காலை நேரப் பிடிப்பு எத்தனை நிமிஷம், எந்த மூட்டு வீங்கியது, எந்த வாரம் மருந்து விட்டுப்போனது, வலி மாத்திரை எத்தனை போட்டேன் என்று எழுதி வையுங்கள். வீங்கிய அன்றைக்கே செல்போனில் கையைப் படம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் டாக்டரைப் பார்க்கிற நாளில் பெரும்பாலும் வீக்கம் வடிந்திருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். டாக்டர் 28 மூட்டுகளைப் பார்த்து நோயின் அளவுக்கு ஒரு எண் போடுவார், டாஸ் 28 என்று பெயர், 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அது எவ்வளவு, போன தடவை எவ்வளவு, இன்னும் இறங்கவில்லை என்றால் எந்த மருந்தை எப்போது மாற்றப்போகிறோம் என்ற மூன்றையும் கேட்டு, அதே நோட்டில் அங்கேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.